சிங்க்வே தெர்ரே: சுவரோரம் ஒரு நடைத் திட்டம்

கடலைப் பார்த்தபடி நடந்துபோவதற்கென்றே போட்ட பாதைகள் மிகக் குறைவு. இருப்பவையும் அண்மைக் காலத்தவை. கழுதை போவதற்கும், திராட்சைக் கூடை இறங்குவதற்கும், சுங்கக் காவலன் கடத்தல்காரனைத் தேடிப் போவதற்கும் ஏற்பட்ட தடங்களில்தான் நாம் இன்று காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறோம். அழகு என்று நமக்குத் தெரிவது வேறு யாருடைய வேலையின் மிச்சம் என்கிற கேள்வி நடக்கும்போது எழுவதில்லை, மூச்சு வாங்குகிறது. நடப்பதற்கு முன், மேஜைமேல் வரைபடத்தை விரித்துவைத்துத் திட்டம் போடும்போது எழுகிறது.

அடுத்த ஏப்ரலில் நண்பர் ஒருவரும் நானும் இத்தாலியின் லிகூரியக் கரையில் மூன்று நாள் நடப்பதாக இருக்கிறோம். அவர் புகைப்படக்காரர். இடத்தைத் தேர்ந்தது அவர், திட்டம் என் பொறுப்பு. ஜெனோவாவுக்கும் லா ஸ்பெட்ஸியாவுக்கும் நடுவே மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடத்தில் ஐந்து ஊர்கள்: ரியோமாஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்ஸா, மொன்தெரோஸ்ஸோ. சேர்த்துச் சிங்க்வே தெர்ரே என்பார்கள், ஐந்து நிலங்கள். ஊர்களைக் கோக்கும் கரையோரத் தடத்துக்கு நீலப் பாதை என்று பெயர், மொத்தம் 12 கிலோமீட்டர். வயது கூடிய இருவர் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம்.

வரைபடம் அதற்கு இடம் தரவில்லை. மனரோலாவுக்கும் கொர்னீலியாவுக்கும் இடையே பாதை சரிந்து பல ஆண்டுகளாக அடைத்துக் கிடக்கிறது. ரியோமாஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலுள்ள துண்டு 2012 முதல் 2024 வரை மூடியிருந்தது. மற்ற துண்டுகளும் பெருமழை எச்சரிக்கை வந்தால் மூடப்படும். அடைப்புக் குறிகளைச் சுற்றிச் சுற்றிப் பென்சிலால் வழி தேடிக்கொண்டிருந்தபோது, அந்தக் குறி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆண்டு இருப்பது தெரிந்தது. ஆண்டுகளைத் தேடிப் போனதில் திட்டம் நின்றுவிட்டது, படிப்பு வளர்ந்தது.

முதலில் தெரிந்துகொண்டது, இந்தக் கடலோரப் பாதை கடலோர மக்களின் முதல் பாதை இல்லை என்பது. இந்த மக்கள் கடலுக்கு அஞ்சியவர்கள். கடல்வழியே வந்த கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து குடியிருப்புகள் மேலே, மலையின் தோளில் இருந்தன. நிலைமை சற்றுத் தெளிந்த பிறகே கீழே இறங்கின. ஒவ்வொரு ஊருக்கும் மேலே மலையில் ஒரு மாதா கோயில் இன்றும் இருக்கிறது. கழுதைப் பாதை அந்தக் கோயில்களைத் தொட்டுத்தான் போயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜெனோவா இந்த ஊர்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. தாந்தே இந்தக் கரையின் பாறைகளை அறிந்திருந்தார். கழுவாய்மலையின் செங்குத்தை வர்ணிக்கும்போது, லெரிசிக்கும் துர்பியாவுக்கும் இடையிலுள்ள மிகப் பாழான வழிகூட அதன் பக்கத்தில் எளிதான படிக்கட்டு என்கிற பொருளில் எழுதுகிறார். லெரிசி லா ஸ்பெட்ஸியா வளைகுடாவில் இருக்கிறது. துர்பியா மொனாக்கோவுக்கு மேலே. ஐந்து ஊர்களும் அந்த இரண்டுக்கும் நடுவில். பதினான்காம் நூற்றாண்டு வாசகனுக்கு, நடக்கவே முடியாத நிலம் என்பதற்கு உதாரணம் இந்தக் கரை. அதே நூற்றாண்டில் பொக்காச்சியோவின் கதையில் ஒரு கொள்ளைக்காரன், தான் பிடித்துவைத்த மடாதிபதியின் வயிற்று நோவுக்கு வாட்டிய ரொட்டியும் கொர்னீலியாத் திராட்சை மதுவும் கொடுத்துக் குணப்படுத்துகிறான். நடக்க முடியாத இடத்திலிருந்து மது மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிகிறது. நடுவில் யாரோ சுமந்திருக்க வேண்டும்.

அந்த யாரோ கட்டியதுதான் சுவர்.

இதை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் படங்களில் வண்ண வீடுகளும் நீலக் கடலும் தெரிகின்றன, சுவர் தெரிவதில்லை. தெரிந்தாலும் மலையின் ரேகை போலத் தெரிகிறது. மலைச்சரிவை வெட்டி, கிடைத்த மணற்பாறைக் கல்லைச் சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் பொடிக்கல்லை நிரப்பி, மேலே மண்ணைப் பரப்பி, ஒரு ஆள் நின்று கொத்தும் அகலத்துக்கு ஒரு படி. அதன் மேல் இன்னொரு படி. இப்படிக் கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரம்வரை. சுவர்களை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 7000 கிலோமீட்டர் வரும் என்று அங்கே சொல்கிறார்கள். சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிடும் பழக்கமும் உண்டு. ஒப்பீடு எனக்கு உவப்பாயில்லை. பெருஞ்சுவருக்கு அரசன் இருந்தான். இதற்குக் குடும்பங்கள் மட்டும்தான்.

சாந்து பூசாததன் காரணம் ஏழ்மை மட்டுமல்ல. மழை நீர் கல்லின் இடைவெளி வழியே வெளியேறிவிட வேண்டும். சாந்து பூசி அடைத்துவிட்டால் நீர் பின்னால் தேங்கி, மண் கனத்து, சுவரைத் தள்ளும். ஆகவே இந்தச் சுவர் உறுதியாக இருப்பது அது ஒழுகுவதால்தான். ஒழுகும் சுவரில் ஆண்டுதோறும் கல் நகரும், வயிறு தள்ளும், ஓர் இடத்தில் விழும். விழுந்ததை அந்தக் குளிர்காலத்திலேயே எடுத்துக் கட்ட வேண்டும். கட்டி முடித்தாயிற்று என்று ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு போகிற நாள் இந்த வேலையில் கிடையாது. பழைய புகைப்படங்களில் பெண்கள் தலையில் கூடையோடு ஏறுகிறார்கள். கூடையில் கல்லும் மண்ணும், அறுவடையில் திராட்சை. மழையில் கீழே அரித்துப் போன மண்ணையே மறுபடி மேலே சுமப்பார்கள். இந்தச் சுமப்பைத்தான் ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு அமைப்பு 1997இல் உலகப் பாரம்பரியத் தலமாக்கியது. சாந்தில்லாக் கல்கட்டும் கலையை 2018இல், இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பெயரில், தனியாக ஒரு பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேரும்போது வேலை பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். இங்கும் அப்படியே.

நின்றுபோனது எப்படி என்பதற்கு இரண்டு ஆண்டுகள் போதும். 1869இல் லா ஸ்பெட்ஸியாவில் கடற்படைத் தளமும் ஆயுதக் கிடங்கும் திறந்தன. 1874இல் ஜெனோவாவையும் லா ஸ்பெட்ஸியாவையும் இணைக்கும் ரயில் பாதை, மலைக்குள் சுரங்கம் சுரங்கமாகத் துளைத்து, முடிந்தது. கூலியும் கூலிக்குப் போகும் வழியும் ஐந்தாண்டு இடைவெளியில் வந்துவிட்டன. ஆண்கள் ரயிலேறினார்கள். திராட்சைத் தோட்டம் ஓய்வுநாள் வேலையாயிற்று, பிறகு கிழவர்கள் வேலையாயிற்று, பிறகு யாருடைய வேலையும் இல்லை என்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் போக்கில் படிகளின் மிகப் பெரும்பகுதி புதருக்கும் பைன் மரத்துக்கும் போய்விட்டது. மிஞ்சியவர்கள் ஷாக்கெத்ரா என்ற மதுவைச் செய்கிறார்கள், திராட்சையைப் பல வாரம் உலர்த்திப் பிழிந்து. 1973இல் சட்டம் அதற்குப் பெயர்ப் பாதுகாப்புக் கொடுத்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்தேறும் சிறு பல்சக்கர வண்டிகள் இப்போது கூடைகளைத் தூக்குகின்றன.

ஆட்களைக் கொண்டுபோன அதே ரயில் வேறு ஆட்களைக் கொண்டுவந்தது. கோடைக்கு வந்தவர்கள். அவர்களில் ஒரு குடும்பம் ஜெனோவா வணிகர் குடும்பம். மொன்தெரோஸ்ஸோவின் ஃபெஜீனாப் பகுதியில் வீடு. அந்த வீட்டுப் பையன் எவ்ஜேனியோ மொன்தாலே.

இங்கேதான் நடைத் திட்டம் நம் பக்கங்களின் விவகாரமாகிறது. மொன்தாலே 1896இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலிருந்து ஏறத்தாழ முப்பது வயது வரை கோடைகள் இங்கே கழிந்தன. முதல் தொகுப்பு 1925இல் வந்தது. தலைப்பின் பொருள் கணவாய் ஓடுகள். நம் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த வெண்மையான, கனமற்ற, கடல் துப்பிய பொருள். தான்னுன்ஸியோவின் உரத்த குரல் இத்தாலிய மொழியை நிறைத்திருந்த காலத்தில், இப்படி ஒரு எச்சத்தைத் தலைப்பாக வைத்ததே ஒரு விமர்சனம். 1938இல் கட்சி உறுப்பினரல்லாத காரணத்தால் ஃபிளாரன்ஸ் நூலகப் பதவியை இழந்தார். 1975இல் நோபல். 1981இல் மறைவு. அவருடைய நீண்ட கவிதை ஒன்றை 1928லேயே எலியட் தன் பத்திரிகையில் மொழிபெயர்ப்பில் வெளியிட்டார். அதன் பிறகு அவரை எலியட்டின் இத்தாலியத் தம்பியாகப் படிப்பது வழக்கமாகிவிட்டது: உணர்வைச் சொல்லாதே, பொருளைக் காட்டு; வறண்ட நிலம் வறண்ட மனம்.

அந்தத் தொகுப்பில் உள்ள, 1916இல் எழுதத் தொடங்கிய ஒரு நண்பகல் கவிதையில் ஒரு சுவர் வருகிறது. வெயிலில் கொதிக்கும் தோட்டச் சுவர். கடைசியில், உச்சியில் உடைந்த பாட்டில் சில்லு பதித்த சுவரை ஒட்டி நடப்பதாக முடிகிறது. சில்லு பதித்த சுவரை நமக்கு விளக்க வேண்டியதில்லை. நம் தெருக்களில் காம்பவுண்டு என்று சொல்லிக் கட்டிவைத்திருக்கிறோம். ஆனால் கவிதையைப் பேசிய விமர்சகர்கள் பலர் அந்தச் சுவரைக் கண்ட மாத்திரத்தில் மனித இருப்பின் எல்லை என்றார்கள். அறிய முடியாமையின் படிமம் என்றார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். கவிதை அந்தத் திசையில் கைகாட்டவே செய்கிறது. ஆனால் சுவர் ஒரு படிமம் ஆவதற்கு முன்னால் சுவராக இருந்தது. யாரோ கட்டியது, யாருக்கோ சொந்தமானது, யாரையோ உள்ளே விடாதது.

வரைபடத்தில் பென்சில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு உறைத்தது இதுதான்: அந்த மலையில் இரண்டு வகைச் சுவர்கள் இருக்கின்றன. ஒன்று மண்ணைத் தாங்குவது, ஒழுகுவது, தலையில் சில்லு இல்லாதது. அதன்மேல் ஏறித்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும், சில இடங்களில் கல்லையே வெளியே நீட்டி ஏணியாக்கியிருக்கிறார்கள். மற்றது மனிதரைத் தடுப்பது. இருபது வயது மொன்தாலே ஓரமாக நடந்தது இரண்டாவதன் பக்கத்தில். கோடைக்கு வந்தவன் சந்திக்கும் சுவர் அதுதான். முதல் வகைச் சுவரும் அவர் கண்ணில் படாமலிருக்க முடியாது. அவர் வீட்டுக்கு மேலேயே மலை முழுக்க அது. ஆனால் அதைச் சந்திக்க முதுகில் கல் இருக்க வேண்டும். நவீனத்துவம் உலகெங்கும் இரண்டாவது சுவரையே தன் படிமமாக்கியது என்று நினைக்கிறேன். தமிழிலும், கதவு திறக்காத அறை, தாண்ட முடியாத மதில், இருண்ட சந்து என்று எவ்வளவோ எழுதினோம். மதிலைத் தனக்கு நேர்ந்த விதியாகக் கண்டவன், அது இன்னொருவனின் பத்திரத்தில் இருப்பதைக் காணவில்லை.

மொன்தாலேக்கு நியாயம் செய்யவும் வேண்டும். 1939இல் வந்த இரண்டாம் தொகுப்பில் புன்தா மெஸ்கோவைப் பற்றி ஒரு கவிதை உண்டு. மெஸ்கோ என்பது மொன்தெரோஸ்ஸோவுக்கு மேற்கே கடலுக்குள் நீளும் முனை. அங்கே மணற்பாறைக் கல்குவாரிகள் இருந்தன. அந்தக் கவிதையில் வேட்டுப் புகை வருகிறது. காட்சிக்குள் வேலையை அவர் விட்டுவைத்திருக்கிறார். காதலோடும் நினைவோடும் அது கலந்துவிடுகிறது என்று ஒருவர் குறை சொல்லலாம், நான் சொல்லமாட்டேன். அழகுபடுத்தாமல் இருந்ததே பெரிய காரியம். அவர் கவிதைகளை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுலா விளம்பரம்கூட ஒழுங்காகச் செய்ய முடியாது. இன்னொன்றும் தோன்றுகிறது, நிரூபணம் இல்லாமல். அந்த ரயிலிலிருந்து கடல் தொடர்ச்சியாகத் தெரிவதில்லை. சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே சில விநாடி மின்னி மறைகிறது. அந்த இரண்டாம் தொகுப்பின் சின்னக் கவிதைகள் வெளிச்சம் பட்டு அணைவதைப் போலவே இருக்கின்றன. பையனாக அந்த ரயிலில் எத்தனை முறை வந்திருப்பார்!

சுவரை விட்டவர்கள் போன பிறகு சுவர் என்ன ஆயிற்று என்பதைக் கவிதை சொல்லவில்லை, 2011 சொன்னது. அந்த ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் மலை இறங்கி வந்தது. வெர்னாட்ஸாவின் பிரதான வீதியில் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்துக்குச் சேறும் கல்லும். அங்கே மூவர், மொன்தெரோஸ்ஸோவில் ஒருவர் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழையில் எந்த மலையும் சரியத்தான் செய்யும். எல்லாப் பழியையும் கைவிட்ட தோட்டத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனாலும் மிகுதியாகச் சரிந்தவை, கைவிட்டுச் சில காலமே ஆகி, மரவேர் இன்னும் பிடிக்காத படிகள். மனிதன் விட்டுவிட்டான், காடு இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியில் மண்ணைப் பிடிக்க ஆளில்லை.

2012 செப்டம்பரில் பாதையே தாக்கிற்று. ரியோமாஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே பாறை முகத்தில் செதுக்கிய, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நடைபாதையில் பாறை பெயர்ந்து விழுந்து நான்கு ஆஸ்திரேலியப் பயணிகள் காயமடைந்தார்கள். இது தோட்டச் சுவர் அல்ல, இயற்கைப் பாறை. அந்த நடைபாதைக்குக் காதல் வழி என்று பெயர். அதன் கதை இன்னும் விசேஷம். 1920களில் ரயில் சுரங்க வேலைக்கு வைத்திருந்த வெடிமருந்தை ஊருக்குள் வைக்கப் பயந்து, இரண்டு ஊர்களுக்கும் வெளியே பாறையோரம் வைத்தார்கள். அங்கே போய்வர வெட்டிய தடங்களை ஊரார் பிறகு இணைத்துக்கொண்டார்கள். இளைஞர்கள் மாலையில் அங்கே சந்தித்தார்கள், சுவரில் யாரோ பெயரெழுதினார்கள் என்று கதை போகிறது. வெடிமருந்துக் கிடங்கின் வழி காதல் வழியானதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயர் வைத்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள். இரண்டு கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்துப் பாறையைக் கம்பிவலையால் கட்டி, 2024இல் திறந்தார்கள். திறந்தபோது கட்டணம் பூங்கா அட்டைக்கு மேல் 10 யூரோ, நேரம் குறித்து முன்பதிவு. நாலாயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் ஐந்து ஊர்களுக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வரும்போது வேறென்ன செய்வார்கள்? 2019இல் ரப்பர் செருப்போடு மலைப்பாதைக்கு வருபவர்களுக்கு அபராதம் என்றும் அறிவித்தார்கள், 50 யூரோவிலிருந்து. நண்பருக்குக் கோலாப்பூர்ச் செருப்பை விட மனமில்லை; இந்தச் செய்திதான் அவரை ஷூ வாங்கவைத்தது.

ஆகவே திட்டம் மாறியது. காதல் வழி உண்டாவதற்கு முன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் எப்படிப் போய்வந்தார்கள் என்று பார்த்தேன். பெக்காரா என்று ஒரு தடம், நேரே குன்றின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது, முழுக்கக் கல்படி, தோட்டங்களுக்கு நடுவே. ரயிலில் மூன்று நிமிடம் பிடிக்கும் தூரத்துக்கு ஒரு மணி நேரம். மனரோலாவிலிருந்து அடைபட்ட கரையோரத் துண்டை மறந்துவிட்டு, 300 மீட்டருக்கு மேலேயுள்ள வொலாஸ்த்ராவுக்கு ஏறி, இன்னும் உழப்படும் திராட்சைப் படிகளின் விளிம்பிலேயே நடந்து கொர்னீலியாவில் இறங்குவது. ஓரிடத்தில் பாதை என்பதே சுவரின் தலைதான் என்று படித்தேன். ஒரு பக்கம் கொடி, மறு பக்கம் கீழ்ப்படி. அறுவடைக் காலத்தில் போனால் வேலை செய்பவர்களுக்கு இடைஞ்சல். அக்டோபர் என்றால் மழை. அதனால்தான் ஏப்ரல்.

"சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போகணும்? நம்ம ஊர்ல இல்லாத சுவரா?" என்றார் நண்பர்.

"நீங்க கடலைப் பாருங்க, சார். அது எங்கேயும் போயிடாது," என்றேன்.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒப்பந்தம் இப்படி: முதல் நாள் காலையில் அவர் 10 யூரோ கொடுத்துக் காதல் வழியே போவார், நான் பெக்காரா ஏறுவேன், மனரோலாக் கோயில் வாசலில் சந்திப்பு. அவர் எனக்காக அரை மணி காத்திருக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு வொலாஸ்த்ராவுக்கு இருவரும் சேர்ந்து. இரவு கொர்னீலியாவில். ஐந்தில் அது ஒன்றுதான் கடலைத் தொடாமல் பாறைமேல் இருப்பது. ரயில் நிலையத்திலிருந்து ஏற சுமார் 380 படி, நாங்கள் மேலிருந்து இறங்கி வருவதால் அது மிச்சம். இரண்டாம் நாள் வெர்னாட்ஸா, மொன்தெரோஸ்ஸோ. அந்த இரண்டு துண்டும் மூன்றரை மணி நேரம். 2011இன் சேற்றுக் கோடு வெர்னாட்ஸாவில் எங்கேயாவது குறித்துவைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு மணி கூடுதலாக ஒதுக்கியிருக்கிறேன். மொன்தாலே வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம், தனியார் குடியிருப்பு. அதன் மதிலில் சில்லு இருக்கிறதா என்று நண்பர் படம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், என்னைக் கேலி செய்துதான்.

மூன்றாம் நாள் மெஸ்கோ முனை. உச்சியில் ஒரு பழைய துறவி மடத்தின் இடிபாடு இருக்கிறது. அங்கிருந்து ஐந்து ஊர்களையும் ஒரே பார்வையில் காணலாம் என்கிறார்கள். நண்பருக்கு அது. எனக்குக் குவாரி வெட்டிய பாறை முகம். மறுபக்கம் லெவான்தோவுக்கு இறக்கம், எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம், வழியில் தண்ணீர் கிடையாது. அங்கிருந்து மொன்தெரோஸ்ஸோவுக்குத் திரும்ப ரயில். நாங்கள் நடந்து கடந்த அதே மலைக்கு அடியில், சுரங்கத்துக்குள், சில நிமிடம். ஜன்னலோர இடத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.